பேர் வெட்டின டம்ளர்

“மேடம், இந்தப் பயிற்சி எனக்கு ஒத்து வராது,” என்றார் எத்திராஜ்.

பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன் ஊர் திரும்பிய ஹவில்தார். போன் திரையில் இருந்த ஜெசிந்தா, குடியை நிறுத்தப் பயிற்சி தருகிறவள். அவருக்கு மகள் வயசு. போனில் மது பாட்டில் படம் வந்தால் விரலால் அப்பால் தள்ள வேண்டும். தண்ணீர்ப் படம் வந்தால் தன் பக்கம் இழுக்க வேண்டும். தினம் இருநூறு படம்.

“ஏன் சார்?”

“ஊரே தண்ணிய விடுன்னு சொல்லுது. நீங்க என்னடான்னா தண்ணியக் கிட்ட இழுன்னு சொல்றீங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பது நாளாய் அவர் ஒரு சொட்டு தொடவில்லை. மனைவி கோமளா ஆரணியில் இருக்கும் தாய் வீட்டுக்கே போய்விட்டாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வார்.

“தண்ணியா?” என்பாள்.

“இல்ல கோமளா.”

வைத்துவிடுவாள். எத்தனை பொய்யைத்தான் நம்புவாள் ஒரு மனுஷி? ஆனாலும் அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்க மனுஷன் காலையிலிருந்தே ஏங்கிக் கிடப்பார்.

“பாட்டிலை ஒண்ணு விடாம தள்ளிடறீங்க,” என்றாள் ஜெசிந்தா. “எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி வந்தா அதையும் தள்ளறீங்க. தினமும். ஏன் சார்?”

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாட்டிலோட குடிச்சா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு டம்ளர்ல ஊத்திக் குடிப்பேன் மேடம். கேட்டா, பச்சைத் தண்ணிதான்னு சத்தியம் பண்ணுவேன்.”

“அந்த டம்ளர் இருக்கா?”

எடுத்து வந்து காட்டினார்.

“விரலுக்கு அடியில என்னமோ எழுத்து தெரியுதே?”

“பேரு வெட்டினது. அவ கொண்டுவந்த சீரு.”

“படிங்க சார்.”

கட்டைவிரலை நகர்த்தினார். பதினோரு வருஷமாய் அது உட்கார்ந்த இடம் அதுதான்.

“கோமளா,” என்றார்.

“தண்ணி மொண்டு குடிங்க,” என்றாள் ஜெசிந்தா. திரை அணைந்தது.

குடத்திலிருந்து டம்ளரில் மொண்டார். குடித்துக்கொண்டிருக்கும்போதே மணி ஆறாகிவிட்டது. போன் செய்தார்.

“தண்ணியா?”

“ஆமா,” என்றார்.

அவள் வைத்துவிடுவதற்குள் அவசரமாய்ச் சொன்னார்.

“உன் பேரு போட்ட டம்ளர்ல. இத்தனை வருஷமும் அதுல ரம்முதான் கோமளா. இன்னிக்குத்தான் தண்ணி.”

“தெரியும்,” என்றாள் கோமளா. அப்புறம், “போனை வெச்சிடாதீங்க.”