செவலியும் அவள் கால் நகமும்

ஓர் ஆற்றங்கரை மருத மரத்தில் செவலி என்றொரு பழந்தின்னி வௌவால் குடியிருந்தாள். அவள் மார்பில் ஒரு குட்டி தொங்கியது. பிறந்ததிலிருந்து அவனைச் சுமந்துகொண்டேதான் இரை தேடப் போய்வந்தாள். இப்போது அவன் கனத்துவிட்டான். முந்தின நாள் பாதி ஆற்றிலேயே மூச்சு வாங்கி, வெறும் வயிற்றோடு திரும்பிவிட்டாள். பாலும் வற்றிக்கொண்டு வந்தது.

இன்று அவனைக் கிளையில் தொங்கவிட்டுவிட்டுத் தனியாகப் போயாக வேண்டும். கீழே இரண்டு நாய்கள் மேலேயே பார்த்தபடி படுத்திருந்தன. 

விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கிளை மெலிசு என்று அந்தக் கிளைக்குப் போனாள். அங்கே வெயில் சுட்டது என்று வேறொன்றுக்குத் தாவினாள். போன இடத்திலெல்லாம் தூக்கம் கலைந்த மற்ற வௌவால்கள் சிறகால் அடித்து விரட்டின. ஒவ்வொரு கிளையிடமும், நீ முறிந்துவிட மாட்டாயே என்று கேட்டாள். ஆடிக் காற்றையே பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு கிளை கோபித்துக்கொண்டது.

அடுத்த தாவலில் குட்டி நழுவினான். கீழே நாய்கள் எழுந்து நின்றன. அவள் வயிற்று மயிரைப் பற்றி எப்படியோ தொற்றிக்கொண்டான். 

அப்போதுதான் அவளுடைய கால் நகம் வாயைத் திறந்தது.

"இத்தனை காலம் நீ தூங்குறப்ப உன்னைப் பிடிச்சிட்டிருந்தது யாரு?"

"நான்தான்."

"நீ குறட்டைதான் விட்டே. உன் பாரம் இழுக்குற இழுப்புல நான் தானா பூட்டிக்குவேன். எவ்வளவு கனமோ, அவ்வளவு இறுக்கம்."

"இவன் சின்னவனாச்சே?"

"அவன் கால்லயும் என்னை மாதிரிதான் இருக்கு. இவ்வளவு நேரம் அவனை விழ வச்சது கிளை இல்ல, உன் தாவல்தான்."

செவலிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவள் இடம் மாறவில்லை.

அந்தி மங்கியது. மற்ற வௌவால்களெல்லாம் ஆற்றைத் தாண்டிப் பறக்க, மரமே காலியானது. செவலி குட்டியின் கால்களைக் கிளையில் மாட்டி, மெல்ல மார்பை விலக்கினாள். அவன் வீறிட்டு, ஒருமுறை ஆடி, அப்படியே தொங்கினான்.

அவள் மட்டும் கிளம்பவில்லை. பசி குடலைப் பிடுங்கியது.

"விடேன், போகணும்" என்றாள் நகத்திடம்.

"எனக்குப் பிடிக்க மட்டும்தான் தெரியும்" என்றது நகம். "விடுறது உன் பாடு."

செவலி குட்டியைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் உடம்பைத் தானே எக்கித் தூக்கினாள். பூட்டு கழன்றது. பிடித்துத் தொங்க அவளுக்கு ஒருநாளும் பலம் வேண்டியிருந்ததில்லை; விடுவதற்குத்தான் இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது.