பூதனார் போட்ட சுண்ணாம்புக் கோடு

கேளுங்கள். ராஜா எங்கோ தொலைவில் இருந்துகொண்டு, வரியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஊர்ப் பாட்டை ஊராரிடமே விட்டுவைத்திருந்த காலம் அது. ஆலங்கரை என்று ஓர் ஊர். ஊருக்கு ஓர் ஏரி. மதகை ஒட்டிய வயல்கள் தலைமடை. வாய்க்கால் போய் முடிகிற வயல்கள் கடைமடை. தலைமடையில் குடிகள் கொஞ்சம், கடைமடையில் நிறைய.

ஊரை நான்கு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் பகுதிக்கு ஒருவரைச் சபைக்கு அனுப்புவார்கள். நிற்பவர்கள் ஆளுக்கொரு குடம் வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, பிடித்தவர் குடத்தில் போட வேண்டும். எந்தப் பகுதியில் உங்கள் அடுப்பு எரிகிறதோ, அங்கேதான் உங்கள் கொட்டை. அந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் முறையோ, உங்கள் வயலுக்கும் அப்போதுதான். முறையை வைப்பது அந்த நால்வர் சபை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லைக் கோடு போடும் கோல், ஏரித்தலைவர் பூதனாரிடம் இருந்தது. அவருக்குத் தலைமடையில் கரும்பு. கரும்பு எவ்வளவு குடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; பூதனாரின் ஆசை அதைவிட அதிகம் குடிக்கும்.

“ஊர் பெருத்துப்போச்சு, எல்லையைத் திருத்தணும்” என்றார் ஒருநாள். சுண்ணாம்பை வாரித் தெருத் தெருவாகக் கோடு போட்டார். கடைமடைக் குடிகள் அத்தனை பேரும் ஒரே பகுதிக்குள் அடைபட்டார்கள். கைப்பிடியளவு தலைமடைக் குடிகள் மூன்று பகுதியாகப் பிரிந்து அமர்ந்தார்கள். சபையில் மூன்று வாய் ஒரு பக்கம், ஒரு வாய் மறுபக்கம். அந்தப் போகம் கடைமடைக்கு வந்தது சேறுதான்.

கடைமடையில் கொற்றி என்று ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு துண்டு நிலம். பால் பிடிக்கிற சமயத்தில் அவள் நெல் பதராய்ப் போனது. விதைநெல் ஒரு குதிர் மட்டும் மிச்சம். அதுவும் போனால் பிள்ளைகளோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அவள் பூதனாரிடம் போனாள். “ஐயா, நாங்க இத்தனை பேரு கொட்டை போட்டோமே, அதெல்லாம் எங்க போச்சு?”

“உன் கையைப் பிடிச்சு யாராச்சும் தடுத்தாங்களா?” என்றார் பூதனார். “போட்டே இல்ல? அப்புறம் என்ன?”

எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த போகத்துக்குக் கொற்றி அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். தலைமடையின் மேற்குப் பகுதியில் அண்ணன் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பற்றவைத்தாள். பாதிக் கடைமடை பின்னாலேயே வந்தது. பூதனார் பார்த்தார், கோட்டை வளைத்து அவர்களை மறுபடி உள்ளே இழுத்தார். அவர்கள் குளக்கரைக்குப் போனார்கள். கோடும் குளக்கரைக்குப் போனது. ஊரில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. மாடு மேய்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கு எங்கே சோறு என்று தெரியவில்லை. பெரியவர்கள் விடிந்ததும் முதலில் பார்த்தது வாசலை அல்ல, கோட்டை.

மூன்றாம் முறை கொற்றி போன இடம், பூதனார் வீட்டுக் கொல்லைப்புறம். மற்றவர்கள் முன்பக்கமும் பக்கவாட்டிலும் மரத்தடி மரத்தடியாக அடுப்பு மூட்டினார்கள்.

பூதனாருக்குக் கண் மண் தெரியாத கோபம். ஆட்களைக் கூப்பிட்டார். “எங்கெல்லாம் இவங்க அடுப்பு புகையுதோ, எல்லாத்தையும் உள்ள தள்ளிக் கோடு போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கரும்பைப் பார்க்கப் போய்விட்டார். ஆட்கள் சொன்னதைச் செய்தார்கள். சுற்றிலும் அடுப்பு, நடுவில் எஜமானர் வீடு. கோடு அதையும் சேர்த்து வளைத்துக்கொண்டது.

விடிந்தால் கொட்டை போடும் நாள். அன்று எல்லையைத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பூதனாரும் கடைமடைப் பகுதியில்தான் குடம் வைத்தார். அதில் விழுந்தது ஒரே கொட்டை. அதுவும் அவர் போட்டது. மற்றதெல்லாம் கொற்றியின் குடத்தில் விழுந்து, அவள் சபைக்குப் போனாள்.

சபைக்குப் போன தலைமடை மூவரும் அவருடைய பங்காளிகள்தான். ஆனால் தண்ணீர் என்று வந்தால் பங்காளி ஏது? தங்கள் மூன்று பகுதிக்கும் முறையை வைத்துக்கொண்டார்கள். அடுப்பு கடைமடைப் பகுதிக்குள் போய்விட்டதால், பூதனாரின் கரும்பு மதகுக்குப் பக்கத்திலேயே நின்று வாடியது.

அவர் கொற்றியிடம் வந்தார். “எனக்காகச் சபையில ஒரு வார்த்தை பேசும்மா.”

“பேசிட்டுத்தான் இருக்கேன் ஐயா. எதிர்ல மூணு பேரு. என் பேச்சு யாருக்குக் கேக்குது?”

“அப்போ அடுத்த போகத்துக்கு என் வீட்டை மட்டும் கோட்டுக்கு வெளியில எடுத்துடறேன்.”

“எடுங்க. நாங்களும் அடுப்பைத் தூக்கிட்டு உங்க கூடவே வர்றோம்” என்றாள் கொற்றி. “ஒவ்வொரு போகமும் வருவோம். எங்களுக்கு வேற வேலை ஏதும் விட்டுவைக்கலையே நீங்க.”

பூதனார் கோலைக் கீழே வைத்தார். தாமே விளக்குமாற்றை எடுத்துக் கோட்டைப் பெருக்கினார். பகுதிக்குப் பகுதி குடிகள் சமமாக இருக்கும்படி, சபை முன்னால், எல்லோரும் பார்க்க எல்லை போட்டார்கள். கொற்றிக்கு அந்தப் போகமும் கையைவிட்டுப் போயிருந்தது. பாதி விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சிவிட்டாள். மீதிப் பாதியைத்தான் விதைத்தாள். அதற்குத் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் இறங்கி நின்றுகொண்டு அழுதாள்.

கோல் இப்போதும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் விழித்துக்கொண்டே இருங்கள், மக்களே.

வாக்கைப் போட விடுவது மட்டும் நியாயம் ஆகாது. போட்ட வாக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எடை இருப்பதுதான் நியாயம்.