மடக்குக் கட்டை

"திருகாணி எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு டீச்சரம்மா. ஆனா குண்டு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

அருமைநாயகம் ஏர் ரைஃபிளை மேசைமேல் வைத்தார்.

அவர் பாளையங்கோட்டையில் வாட்ச் கடை நடத்தி ஓய்ந்தவர். துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் பயிற்சியாளராகப் புதிதாக வந்த ஜைனம்புவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

ரைஃபிளில், தோளில் பதிகிற இடத்தில் மரக்கட்டை இல்லை. கறுப்பாக, நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு மடக்குக் கட்டை இருந்தது.

"யார் மாட்டினது, அண்ணாச்சி?"

"நான்தான். தபால்ல வரவழைச்சு வீட்டுலயே மாட்டினேன்."

"எதுக்கு?"

"மடக்கினா பீரோவுக்குள்ள போயிடும்."

"முன்னாடி எங்க இருந்துச்சு?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, சுவர்ல சாத்தி." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு."

ஜைனம்பு கட்டையை மடக்கினார், விரித்தார், அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை.

"மாட்டினதுல ஒரு குறையும் இல்ல. உட்கார்ந்து குறி பாருங்க."

அருமைநாயகம் உட்கார்ந்து ரைஃபிளைத் தோளில் பதித்தார்.

"சுட வேண்டாம். அப்படியே இருங்க."

இருந்தார்.

"கழுத்தை ஏன் இப்படிக் குறுக்குறீங்க?"

"குறுக்கலையே."

ஜைனம்பு செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். நல்ல உயரமான மனிதர். கட்டையும் அவர் அளவுக்கு நீட்டித்தான் இருந்தது. அதற்குப் பின்னால் அவர்தான் மடங்கிக் கிடந்தார்.

அருமைநாயகம் செல்போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பழைய கட்டை யார் அளவு?"

"சொர்ணத்தோட அளவு."

சொர்ணம் அவர் மனைவி. இறந்து ஒரு வருஷமாகிறது.

இரண்டு பேருக்கும் ஒரே ரைஃபிள். வாங்கின புதிதில் அவளுக்கு எட்டவில்லை என்று ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையை அறுத்துக் குறைத்தார்கள். ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் சங்கத்துக்கு வருவார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து, உறை போட்ட ரைஃபிளை மடியில் குறுக்கே வைத்துக்கொள்வாள். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதில் அவளுக்கு ஒரு சிரிப்பு.

ஒருவர் சுட்டால் மற்றவர் தொலைநோக்கியில் பார்த்து எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

"நான் எட்டுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டா. ஒன்பதும்பா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அதே பேச்சுதான்."

"கட்டை உங்களுக்குக் குட்டையா இருந்திருக்குமே."

"இருந்துச்சு. குனிஞ்சுக்குவேன்."

"கழுத்து வலிக்காதா?"

"வலிக்கும். தைலம் தேச்சு விடுவா. தேய்க்கும்போதே, உனக்குக் குறி பார்க்கவே தெரியலன்னு திட்டுவா."

ஜைனம்பு ஒரு குண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நான் அவங்களைப் பார்த்ததில்ல. அவங்க எப்படிச் சுடுவாங்க? காட்டுங்க."

அருமைநாயகம் தயங்கினார். பிறகு கட்டையை உள்ளே தள்ளித் தள்ளி, சொர்ணத்தின் அளவுக்குக் கொண்டுவந்தார். வளையலை ஏற்றிவிடுகிற மாதிரி மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். முழங்கையை விலாவோடு ஒட்டினார். குனிந்தார்.

சுட்டார்.

ஜைனம்பு தொலைநோக்கியிடம் போனார்.

"நீங்க இருங்க டீச்சரம்மா. அவ சுட்டா நான்தான் பார்க்கணும்."

எழுந்து வந்து கண்ணை வைத்தார். வைத்த கண்ணை நெடுநேரம் எடுக்கவில்லை.

"எட்டு," என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "சரி. ஒன்பதுன்னே வச்சுக்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டையைத் தன் அளவுக்கு இழுத்துவிட்டார். கழுத்து நிமிர்ந்து நின்றது.

"இப்ப என் முறை," என்றார். "நீங்க பார்த்துச் சொல்லுங்க."