அடங்கிய கணக்கு

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலை விரித்துக் காட்டும் பெண்கள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார்கள். முதலாளி ஆறுமுகநயினார் கூட்டித் தரவில்லை. கரும்பலகை ஒன்றை மாட்டிச் சிக்கன வகுப்பு எடுத்தார்.

"சம்பளத்துல குறையில்ல, உங்களுக்குச் செலவு பண்ணத் தெரியல. பதினோராயிரத்துக்குள்ள அடங்காத ஒரு குடும்பத்தைக் காட்டுங்க, எல்லாருக்கும் கூட்டித் தாரேன்."

சண்முகவடிவு என்ற விற்பனைப் பெண் எழுந்தாள். "என் ஆடி மாசச் செலவை அடக்கிக் காட்டுங்க அண்ணாச்சி."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வாடகை, அரிசி, பால், மீன், பஸ், மகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் இருதய மாத்திரை. கூட்டினால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. அவர் பாலை அழித்தார், மீனை அழித்தார். அப்படியும் அறுநூறு ரூபாய் இடித்தது.

"மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடு" என்று அதையும் பாதியாக்கினார். கூட்டிப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தியா, அடங்கிட்டு."

"ஆமா அண்ணாச்சி, நானும் அப்படித்தான் குடுத்தேன்" என்றாள் வடிவு. "கணக்கு அடங்கிட்டு. ஆவணி பிறந்ததும் அம்மாவோட மூச்சும் அடங்கிட்டு."

அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த மாதம் எல்லாருக்கும் ஆயிரத்து ஐந்நூறு கூடியது. மற்ற பெண்கள் வடிவின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அவள் மட்டும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். "இதை ரெண்டு மாசம் முந்திக் கேட்காமப் போயிட்டேனே" என்றாள்.