கயிற்றின் பெயர்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர் சேஷகோபாலன் வகுப்புக்குள் வந்தால் மாணவர்கள் மூச்சுவிடவே பயப்படுவார்கள். அன்று ஆய்வக உதவியாளர் அஞ்சுகம் நியூரான் பொம்மையின் மேல் ஒட்டியிருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. ‘நரம்பு’ என்று எழுதியிருந்தாள்.

"நரம்பு கயிறு மாதிரி நீளமானது. நியூரான் ஒரே ஒரு செல். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைக்கும் முட்டாளுக்கு இங்கே வேலையில்லை. போ வெளியே!"

ஆனால் பன்னிரண்டு வருடமாக அவர் பாடத்தைக் காதில் வாங்கியவள் அஞ்சுகம்.

"போறேன் சார். நியூரான்னா என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லிடுங்க."

அவர் பெருமையோடு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கிரேக்கச் சொல். தசைநார், வில்லின் நாண், கயிறு என்று பொருள்."

"அப்போ கயித்தோட பேரைத்தானே செல்லுக்கு வச்சிருக்காங்க? வச்சவரையும் முட்டாள்னு வெளியே அனுப்பிட்டாங்களா சார்?"

யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கப் பயம். பேராசிரியரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"போய் வேலையைப் பார்" என்றார் கடைசியில்.

கதவைத் தாண்டிய பிறகு அஞ்சுகம் சுவரைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.