மூன்று புத்தகங்களும் ஏழு முந்திரிக்கொத்தும்

சுடலைமுத்து சாருக்கு வயது நாற்பத்தொன்பது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிறவர். இந்த வயசில் டாக்டர் பட்டத்தின் மேல் ஆசை வந்து, திருநெல்வேலியில் உலகம்மாள் மேடத்திடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். மேடம் அவரைவிடப் பதினோரு வயசு இளையவர். இருந்தால் என்ன, கைட் என்றால் கைட்தான். அறை வாசலிலேயே சார் கையைக் கட்டிக்கொண்டுவிடுவார்.

மைக்ரோ எகனாமிக்ஸ் தாளில் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். அடுத்த பரிட்சைக்கு இன்னும் இருபதே நாள். அதையும் கோட்டை விட்டால் ஆய்வுப் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். சாரிடம் படித்தவர்களே இரண்டு பேர் இப்போது அவர் கல்லூரியிலேயே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

சரி, படிக்க ஆரம்பித்தாரா? அதுதான் இல்லை! எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்றே இன்னும் முடிவாகவில்லை. எம்.ஏ.வுக்கு மேலான படிப்புக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமா? அஞ்சு மாசமாக ஊரெல்லாம் விசாரித்தார். முன்னுரைகளைப் படித்தார். பொருளடக்கங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டார். அட்டவணையே நாற்பது பக்கம் வந்து, அதை பைண்டு வேறு பண்ணி வைத்திருந்தார்.

அன்றைக்கு மிச்சம் நின்ற மூன்று புத்தகங்களையும் தோள் வலிக்கத் தூக்கிவந்து மேடத்தின் மேஜையில் இறக்கினார்.

"நீங்களே ஒரு வழி சொல்லுங்க மேடம். இதுல எதைப் படிக்க?"

மேடம் புத்தகங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பைக்குள்ளே தெரிந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தார்.

"அது என்ன சார்?"

"முந்திரிக்கொத்து மேடம். பாசிப்பயறு இனிப்பு, வீட்டுக்காரி செஞ்சது. எனக்குச் சுகர் இருக்குல்லா, ஒரு வாரத்துக்கு ஏழுதான்னு எண்ணிக் கொடுத்திருக்கா."

"நல்லதாப் போச்சு. அதையும் மேல வைங்க. முதல்ல வாங்கின புத்தகம் எது?"

"சிவப்பு அட்டை. ஒண்ணு விடாம எல்லா நிரூபணமும் இருக்கு."

"அதைக் கையில பிடிங்க. சிவப்பு தேவலையா, பச்சை தேவலையா?"

"பச்சைதான் மேடம். கணக்குக்கெல்லாம் கடைசியில விடை போட்டிருக்கான்."

"அப்ப சிவப்பைக் கொடுத்துட்டுப் பச்சையை வாங்கிக்கிடுங்க. மாத்துறதுக்கு எனக்கு ஒரு கொத்து."

நல்ல புத்தகத்துக்கு ஒரு கொத்துதானே என்று சார் சந்தோஷமாகவே எடுத்து நீட்டினார். மேடம் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

"பச்சையா, நீலமா?"

"நீலம். பச்சை கரடுமுரடு. நீலம் படிச்சா அப்பிடியே மண்டையில ஏறும்."

"ஒரு கொத்து."

கொடுத்தார்.

"நீலமா, சிவப்பா?"

"இது என்ன கேள்வி மேடம்? சிவப்புதான். நீலத்துல பாதி விஷயமே கிடையாதே."

"ஒரு கொத்து."

அதுவும் போயிற்று. மேடம் விடவில்லை. சிவப்பா பச்சையா என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சாரும் சளைக்கவில்லை. நாற்பது பக்க அட்டவணை மனப்பாடமாக இருக்க, பதிலுக்கா பஞ்சம்? பச்சை என்றார், நீலம் என்றார், சிவப்பு என்றார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நல்ல புத்தகம் கைக்கு வந்த மாதிரி முகம் மலர்ந்தது.

பிறகுதான் டப்பாவைப் பார்த்தார். உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது.

"மேடம்…" சார் டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். "நான் சிவப்போடதானே ஆரம்பிச்சேன்?"

"ஆமா."

"இப்பவும் கையில சிவப்புதானே இருக்கு?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் நல்லதாப் பார்த்துத்தானே மாத்தினேன்?"

"நீங்களா சொல்லித்தான் மாத்தினீங்க. நான் வற்புறுத்தினேனா?"

"அப்ப என் ஆறு கொத்து எங்க மேடம் போச்சு?"

மேடம் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"உங்க அஞ்சு மாசம் எங்க போச்சு சார்?"

சாருக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய மனுஷர் இல்லையா? உள்ளே இருந்த வாத்தியார் முழித்துக்கொண்டார்.

"இது பெரிய விஷயம்லா மேடம்! ஒருத்தன் விருப்பம் இப்பிடி வட்டம் சுத்துனா, கையில உள்ளது பூரா போயிருமே. இதைப் பரிட்சையில கேப்பாங்களா?"

"வருஷம் தவறாமக் கேப்பாங்க. போன தடவை உங்க தாள்லயே முதல் கேள்வி இதுதான்."

"அய்யய்யோ!"

சார் அவசர அவசரமாகப் பேனா மூடியைக் கழற்றினார். பைண்டு பண்ணிய அட்டவணையைப் புரட்டி, ஓரத்தில் இடம் பார்த்தார்.

"எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மேடம், அதையே வச்சுக்கிடுதேன்."

"மூணுலயும் இருக்கு சார். முதல் அத்தியாயம்."