எண்பதில் உடைந்த பூசணிக்காய்

விளாங்குளம் வளைவில் புதுச் சாலை போட்டு, எண்பது கிலோமீட்டர் வேகம் என்று பலகையும் நட்டுவிட்டார் பெரிய இன்ஜினியர் ஞானதுரை. திறப்பு விழாவன்று, வளைவையொட்டிய பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் செல்லக்கனி அவரைக் கும்பிட்டுக் கேட்டாள்: "பிள்ளைங்க குறுக்கே போற இடம். முப்பதுன்னு மாத்துங்கய்யா."

அவர் சிரித்தார். "இது எண்பதுக்குன்னே போட்ட ரோடு. வண்டி வர்றதைப் பார்த்து நிதானமா தாண்டலாம். முடியாதுன்னு நிரூபி, மாத்துறேன்."

"நான் என்னத்தைய்யா நிரூபிக்கப் போறேன்? திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டுல நீங்களே சுத்தி உடைங்க. முதல் வண்டியா உங்க காரே எண்பதுல வரட்டும்."

ஊரே கூடி நிற்கும்போது மறுக்க முடியுமா? டிரைவருக்கு உத்தரவு போனது. கற்பூரம் எரியும் பூசணிக்காயோடு ஐயா நடுரோட்டில் நின்றார். மூன்று சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றே முடியவில்லை, வளைவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் மலை புரண்டு வருவதுபோல் கார் வந்துவிட்டது. காயைப் போட்டுவிட்டு வேலியோரம் பாய்ந்தார்.

கார் வெகுதூரம் போய்த்தான் நின்றது. குங்குமம் கலந்த வெள்ளைச் சதை சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தது. அம்மாடி!

செல்லக்கனி கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். "நீங்க பாய்ஞ்சுட்டீங்கய்யா. காய்க்கு அது தெரியலையே."

சாலையின் எதிர்ப்பக்கம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையோடு கைகோத்து நின்றிருந்தார்கள்.

பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி அவரே எழுதிய முப்பது, இன்றைக்கும் அந்தப் பலகையில் கொஞ்சம் நடுங்கித்தான் நிற்கிறது.